ஐந்து விரலும் ஒன்றா? ஏற்றத்தாழ்வு பற்றி நாம் ஏன் ஒத்துப்போவதில்லை

"ஐந்து விரலும் ஒரே நீளமாகவா இருக்கிறது?" பணக்காரர், ஏழை என்று பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். எதிரே இருப்பவர் சும்மா இருப்பாரா? "விரலை மடக்கிப் பாருங்கள், எல்லாம் சமமாகத்தான் வரும்" என்பார். இரண்டுமே கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதுவரை இருவரும் ஒரு புள்ளிவிவரம்கூடச் சொல்லவில்லை. யாருக்கு எவ்வளவு வருமானம், இடைவெளி கூடுகிறதா குறைகிறதா, ஒன்றும் பேச்சில் வரவில்லை. ஆனாலும் இருவருக்கும் தங்கள் பதிலில் துளி சந்தேகமில்லை.

அந்த உறுதி எங்கிருந்து வருகிறது? ஒருவர் வாழ்க்கையில் எதைப் பெரிதாக மதிக்கிறார் என்பதற்கு அதில் பெரிய பங்கு உண்டு. அப்படி மதிப்பதை விழுமியம் என்கிறார்கள். பொருளாதார ஏற்றத்தாழ்வு பற்றிய நம் எண்ணத்தை இந்த விழுமியங்கள் எப்படி உருவாக்குகின்றன என்று, விஷயத்துக்குப் புதியவர்களுக்காக எழுதிப் பார்க்கிறேன்.

நான்கு பேர், ஒரு கூலி

முதலில் ஒரு கணக்கு. நான்கு பேர் சேர்ந்து ஒரு வேலையை எடுத்து முடித்தார்கள். கூலி மொத்தமாக வந்துவிட்டது, பிரித்துக்கொள்ள வேண்டும்.

முதல் ஆள்தான் தனக்குத் தெரிந்தவர்களிடம் பேசி வேலையைப் பிடித்துக்கொண்டு வந்தவர். அப்புறம் அவர் வேலையில் பெரிதாகக் கைவைக்கவில்லை. இரண்டாமவர் காலையில் முதலில் வந்து இரவில் கடைசியாகப் போனவர். கை கொஞ்சம் மெதுவு, ஆனால் அவரளவு நேரம் யாரும் உழைக்கவில்லை. மூன்றாமவர் கைதேர்ந்தவர். மற்றவர்கள் ஒரு நாள் முழுக்கத் திணறிய பகுதியை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். நான்காமவரின் வேலை சுமார்தான். ஆனால் அவர் வீட்டில் நோயாளி இருக்கிறார், மருந்துக்குக் கையில் காசு இல்லை.

மேலே படிக்கும் முன் மனசுக்குள் ஒரு முறை பிரித்துப் பாருங்கள்.

இதை நான் தெரிந்தவர்கள் சிலரிடம் கேட்டிருக்கிறேன். யோசிக்க யாரும் நேரம் எடுத்துக்கொள்வதில்லை. "நாலு பேர், நாலு பங்கு, அவ்வளவுதான்" என்பார் ஒருவர். "உழைத்த நேரத்துக்குத்தானே கூலி?" என்பார் இன்னொருவர். "அந்த மூன்றாவது ஆள் இல்லாவிட்டால் வேலையே முடிந்திருக்காது, அவருக்குத்தான் அதிகம்" என்பார் மற்றொருவர். "முதலில் மருந்துச் செலவை எடுத்து வையுங்கள், மிச்சத்தைப் பிரிக்கலாம்" என்றும் ஒருவர் சொல்வார். "பேசியபடி கொடுங்கள், பேசாவிட்டால் வேலையைக் கொண்டுவந்தவர் சொல்வதுதான்" என்ற பதிலும் வரும்.

எல்லோருக்கும் கொடுத்த தகவல் ஒன்றுதான். சமத்துவம், உழைப்பு, திறமை, தேவை, ஒப்பந்தம் என்று ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள், விடை மாறிவிட்டது. ஒரு நாட்டின் வருமானத்தைப் பற்றிப் பேசும்போதும் நாம் செய்வது ஏறக்குறைய இதுதான். கூலி பெரியது, ஆட்கள் கோடிக்கணக்கில், அவ்வளவுதான் வித்தியாசம்.

விழுமியம் வேறு, கருத்து வேறு

"இந்த வரியைக் கூட்டலாமா?" என்று கேட்டால் நீங்கள் சொல்வது கருத்து. பணக்காரர்களைப் பற்றியோ வரிகளைப் பற்றியோ பொதுவாக உங்களுக்கு இருக்கும் சாய்வுக்குப் பெயர் மனப்பான்மை. விழுமியம் இந்த இரண்டுக்கும் அடியில் கிடப்பது. வீடு, வேலை, அரசியல் என்று எங்கே போனாலும் கூடவே வருவது. கருத்து ஒரு வாரத்தில் மாறலாம். விழுமியம் அவ்வளவு சுலபத்தில் நகராது.

இஸ்ரேலிய உளவியலாளர் ஷாலோம் ஷ்வார்ட்ஸ் 1992-இல் பத்து அடிப்படை விழுமியங்களைக் கொண்ட ஒரு வரைபடத்தை முன்வைத்தார். எல்லா மனிதர்கள் மீதும் அக்கறை, தன்னைச் சேர்ந்தவர்கள் மீது அக்கறை, அதிகாரம், சாதனை, இன்பம், புதுமை நாட்டம், தன் முடிவைத் தானே எடுக்கும் சுதந்திரம், பாதுகாப்பு, மரபு, ஒழுங்குக்குக் கட்டுப்படுதல் ஆகியவை அந்தப் பத்து. இவற்றை அவர் வட்டமாக அடுக்கினார். பக்கத்தில் இருப்பவை ஒத்துப்போகும், எதிரெதிரே இருப்பவை எதிரெதிர்த் திசையில் இழுக்கும். எல்லா மனிதர்கள் மீதான அக்கறைக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் அதிகாரமும் சாதனையும் உட்கார்ந்திருக்கின்றன.

இந்தப் பத்தும் கொஞ்சமாவது எல்லோரிடமும் உண்டு. எல்லோர் வீட்டிலும் அதே சாமான்கள்தான், எது முன்னறையில் இருக்கிறது, எது பரண்மேல் கிடக்கிறது என்பதில்தான் வீட்டுக்கு வீடு மாறுகிறது.

சரி, ஒருவருடைய முன்னறையில் என்ன இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? "உங்கள் விழுமியம் என்ன?" என்று கேட்டால் எல்லோரும் நல்லவர்களாகிவிடுவார்கள். அதனால் ஷ்வார்ட்ஸ் சுற்றி வளைத்துக் கேட்டார். 2002 முதல் நடந்துவரும் ஐரோப்பிய சமூகக் கருத்தாய்வின் வினாத்தாளில் பெயரில்லாத ஒரு மனிதரை இரண்டு வரியில் அறிமுகப்படுத்துவார்கள். ஒருவருக்குப் பணக்காரராக இருப்பது முக்கியம், நிறையப் பணமும் விலையுயர்ந்த பொருள்களும் வேண்டும். இன்னொருவர் உலகத்தில் எல்லோரும் சமமாக நடத்தப்பட வேண்டும் என்று நினைப்பவர். கேள்வி ஒன்றுதான்: இவர் எவ்வளவு தூரம் உங்களைப் போல? "அப்படியே என்னைப் போல" என்பதிலிருந்து "கொஞ்சமும் இல்லை" வரை ஆறு பதில்கள். பணக்காரராக ஆசை என்று தன்னைப் பற்றிச் சொல்லக் கூச்சப்படுபவரும், யாரோ ஒருவரைக் காட்டி "ஓரளவு என்னைப் போல" என்று குறிப்பதில் தயங்குவதில்லை. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு.

அதே வினாத்தாளில் இன்னோர் இடத்தில், வருமான வித்தியாசத்தைக் குறைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற வாக்கியம் வரும். ஒப்புக்கொள்கிறீர்களா, மறுக்கிறீர்களா? இரண்டு பதில்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எல்லா மனிதர்கள் மீதான அக்கறையை மேலே வைப்பவர்கள் ஒப்புக்கொள்ளும் பக்கமும், அதிகாரத்தையும் சாதனையையும் மேலே வைப்பவர்கள் மறுக்கும் பக்கமும் சாய்கிறார்கள். இதில் யாருக்கும் ஆச்சரியம் இருக்காது.

நல்ல மனசு போதாதா?

ஆச்சரியம் வேறு இடத்தில் இருக்கிறது. தன்னைச் சேர்ந்தவர்கள் மீதான அக்கறையை உச்சியில் வைப்பவர்களும் ஈர மனசுக்காரர்கள்தானே? அவர்களும் இடைவெளியைக் குறைக்கச் சொல்ல வேண்டும் என்றுதான் எதிர்பார்ப்போம். ஆனால் அவர்களிடம் அந்தத் தொடர்பு அவ்வளவு தெளிவாகத் தென்படுவதில்லை.

இப்படிப்பட்டவர் ஒருவரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அண்ணன் பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்றுக்கொள்வார், பக்கத்து வீட்டுக்காரரை நடுராத்திரியில் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார், வேலை பார்ப்பவர் கடன் கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டார். அவரிடம் போய் வரியைக் கூட்டி எல்லோருக்கும் உதவித்தொகை கொடுக்கலாமா என்று கேட்டால் முகம் சுருங்கும். "யார் எவர் என்று தெரியாதவர்களுக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்?" என்பார். இதைப் போலித்தனம் என்று ஒதுக்குவது தவறு. அவருடைய அக்கறை முகம் தெரிந்தவர்களைச் சுற்றி ஓடுவது. உதவி என்பது அவரைப் பொறுத்தவரை ஆளுக்கு ஆள் செய்வது, அரசு இடையில் வந்தால் அந்த உறவு அறுந்துபோகிறது. இதற்கு நேர்மாறான ஆளும் உண்டு. உலகத்து ஏழைகளுக்காக மேடையில் கொதிப்பார், சொந்தத் தம்பியின் கஷ்டம் கண்ணில் படாது. இரண்டு பேரையும் "இரக்கம்" என்ற ஒரே சொல்லில் அடைத்தால் இருவரையும் புரிந்துகொள்ள முடியாது.

விழுமியத்துக்கும் அரசியலுக்கும் உள்ள தொடர்பு எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி இருப்பதும் இல்லை. 20 நாடுகளை எடுத்துக்கொண்டு 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஷ்வார்ட்ஸும் அவருடைய சகாக்களும், ஒருவர் தன்னை இடதுசாரி, வலதுசாரி என்று எங்கே வைத்துக்கொள்கிறார் என்பதை அவருடைய விழுமியங்கள் எவ்வளவு விளக்குகின்றன என்று பார்த்தார்கள். முன்பு கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த நாடுகளில் அந்தத் தொடர்பு மிகவும் மெலிந்து போயிருந்தது. விழுமியம் ஒரு விதை என்றால், அது என்ன செடியாக முளைக்கும் என்பதில் மண்ணுக்கும் பங்கு உண்டு.

உழைப்பா, அதிர்ஷ்டமா?

எல்லாச் சண்டையும் கடைசியில் வந்து முட்டும் இடம் இதுதான் என்பது என் எண்ணம். ஒருவர் மேலே இருப்பதற்கும் இன்னொருவர் கீழே இருப்பதற்கும் காரணம் அவரவர் முயற்சியா, வாய்த்ததா?

2020-இல் வெளியான ஓர் ஆய்வு இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்தது. நார்வேயிலும் அமெரிக்காவிலும் நாட்டுக்குச் சுமார் ஆயிரம் பேரை நடுவர்களாக உட்கார வைத்தார்கள். வேறெங்கோ இரண்டு பேர் ஒரே வேலையைச் செய்திருக்கிறார்கள், ஒருவருக்குப் பணம் வந்துவிட்டது, மற்றவருக்கு ஒன்றுமில்லை. நடுவர் விரும்பினால் அந்தப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கலாம், அப்படியே விட்டும் விடலாம். அவருக்கு இதில் லாபமோ நஷ்டமோ கிடையாது. சில நடுவர்களிடம், பணம் யாருக்கு என்பது குலுக்கலில் முடிவானது என்றார்கள். வேறு சிலரிடம், நன்றாக வேலை செய்தவருக்கே கிடைத்தது என்றார்கள்.

இரண்டு நாட்டிலும் அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. குலுக்கல் என்றால் பிரித்துக் கொடுத்தார்கள், திறமை என்றால் பெருமளவு விட்டுவிட்டார்கள். நாட்டுக்கு நாடு வித்தியாசமும் சின்னதில்லை. திறமையால் வந்த இடைவெளியில் நார்வேக்காரர்கள் எவ்வளவை விட்டுவைத்தார்களோ, ஏறக்குறைய அவ்வளவை அமெரிக்கர்கள் குலுக்கலால் வந்த இடைவெளியிலேயே விட்டுவைத்தார்கள். எப்படி வந்தாலும் சமமாகப் பிரி என்பவர்கள் நார்வேயில் அதிகம், எப்படி வந்தாலும் கைவைக்காதே என்பவர்கள் அமெரிக்காவில் அதிகம்.

பொருளியலாளர் ஆல்பர்டோ அலெசினாவும் சகாக்களும் 2001-இல் எடுத்துக்காட்டிய கணக்கையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். உலக விழுமியங்கள் கருத்தாய்வில், ஏழைகள் சோம்பேறிகள் என்று நினைத்தவர்கள் அமெரிக்காவில் 60 சதவீதம், ஐரோப்பாவில் 26 சதவீதம். ஏழைகளுக்காக அரசு செலவழிக்கும் பங்கும் ஐரோப்பாவில்தான் அதிகம்.

ஆனால் உழைப்பு, அதிர்ஷ்டம் என்று கோடு போடுவது நினைப்பதுபோல் சுலபமில்லை. நம் நால்வரில் மூன்றாமவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கை வேகம் யாருடையது? "அவருடையதுதான், வருஷக்கணக்கில் பழகியிருப்பார்" என்று ஒருவர் சொல்லலாம். சிறு வயதிலேயே கற்றுக்கொடுக்க வீட்டில் ஆள் இருந்தது அவர் செய்ததா? முதலாமவருக்கு அத்தனை பேரைத் தெரியும் என்பது அவருடைய சாமர்த்தியமா, அவர் பிறந்த இடமா? இரண்டாமவரின் விடாமுயற்சியையே பிறவிக் குணம், அதுவும் அதிர்ஷ்டம்தான் என்பவர்களும் இருக்கிறார்கள். அந்த எல்லைக்கு நான் போக மாட்டேன். போனால் யாரையும் எதற்கும் பாராட்டவே முடியாது. ஆனால் கோட்டை எங்கே போடுவது என்று எந்தப் புள்ளிவிவரமும் நமக்குச் சொல்லப்போவதில்லை. அதை விழுமியம்தான் போடுகிறது.

இன்னொன்றும் உண்டு. உலகம் நியாயமாகத்தான் நடக்கிறது என்று நம்ப நமக்கு ஆசை. 1966-இல் மெல்வின் லெர்னரும் கரோலின் சிம்மன்ஸும் நடத்திய சோதனையில், ஒரு பெண்ணுக்கு மின்னதிர்ச்சி கொடுக்கப்படுவதாகப் பார்வையாளர்களை நம்ப வைத்தார்கள். தடுக்க வழியில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அந்தப் பெண்ணையே மட்டமாக மதிப்பிடத் தொடங்கினார்கள். காரணமில்லாமல் ஒருவர் கஷ்டப்படுகிறார் என்பதைத் தாங்குவதைவிட, அவரிடம் ஏதோ குறை இருக்கும் என்று நினைத்துவிடுவது எளிது. "அவன் செய்ததற்கு அனுபவிக்கிறான்" என்ற வார்த்தை எத்தனை சுலபமாக வாயில் வருகிறது என்று யோசித்தால் இந்தச் சோதனை அவ்வளவு விசித்திரமாகத் தெரியாது.

உண்மை தெரிந்தால் மனம் மாறுமா?

விவரம் தெரியாததால்தான் சண்டை, புள்ளிவிவரத்தைக் காட்டினால் எல்லோரும் ஒத்துப்போவார்கள் என்று தோன்றும். விவரம் தெரியாது என்பது வரை சரி. மைக்கேல் நார்ட்டனும் டேன் ஏரியலியும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், மேல்தட்டு 20 சதவீதத்தினரிடம் நாட்டின் சொத்தில் 59 சதவீதம் இருக்கும் என்று அமெரிக்கர்கள் சராசரியாக ஊகித்தார்கள். உண்மையில் சுமார் 84. எவ்வளவு இருந்தால் சரி என்று கேட்டதற்கு வந்த சராசரி 32. பின்னால் வந்த சிலர், கேள்வியைச் சதவீதத்தில் கேட்காமல் வேறு மாதிரி கேட்டால் விடையும் மாறுகிறது என்று காட்டினார்கள், அதையும் மனதில் வைக்க வேண்டும். ஆனாலும் மக்களின் ஊகத்துக்கும் நிஜத்துக்கும் தூரம் அதிகம் என்பது வேறு இடங்களிலும் தெரிகிறது. 40 நாட்டுத் தரவை வைத்து 2014-இல் வந்த ஆய்வில், நிறுவனத் தலைவரின் சம்பளம் சாதாரணத் தொழிலாளியின் சம்பளத்தைப் போல் சுமார் 10 மடங்கு இருக்கும் என்று மக்கள் நினைத்தார்கள், 4.6 மடங்கு இருந்தால் போதும் என்றார்கள். அமெரிக்காவில் நிஜமான விகிதம் 350 மடங்கைத் தாண்டியிருந்தது.

அப்படியானால் உண்மையைச் சொல்லிவிடலாமே? சொல்லிப் பார்த்தார்கள். அமெரிக்காவில் நடந்து 2015-இல் வெளியான ஒரு சோதனையில், ஏற்றத்தாழ்வு விவரங்களைப் பார்த்தவர்களுக்குக் கவலை நன்றாகவே கூடியது. ஆனால் வாரிசுச் சொத்து வரியைத் தவிர, எந்தத் திட்டத்தை ஆதரிப்பது என்பதில் பெரிய மாற்றம் இல்லை.

ஸ்வீடனில் நடந்து 2017-இல் வந்த சோதனைதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. பெரும்பாலோர் தாங்கள் உண்மையில் இருப்பதைவிடக் கீழ்ப்படியில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். "நீங்கள் நினைப்பதைவிட மேலேதான் இருக்கிறீர்கள்" என்று சொன்னதும் மறுபங்கீட்டுக்கான, அதாவது இருப்பவரிடம் வரி வாங்கி இல்லாதவருக்குக் கொடுப்பதற்கான, ஆதரவு குறைந்தது. ஆனால் எல்லோரிடமும் இல்லை. ஏற்கெனவே வலதுசாரிச் சாய்வு கொண்டவர்களிடம், உழைப்பால்தான் உயர்வு வருகிறது என்று நம்பியவர்களிடம்தான் அந்தக் குறைவு தெரிந்தது. மற்றவர்கள் அதே செய்தியைக் கேட்டுவிட்டு, சரி என்று பழைய இடத்திலேயே நின்றார்கள். தகவல் ஒன்று, அது போய் இறங்கிய மனங்கள் வேறு வேறு.

ஏற்றத்தாழ்வை அளக்க இத்தாலியரான கொராடோ ஜீனி 1912-இல் கொடுத்த அளவுகோலை இன்றும் எல்லா நாட்டுக்கும் பயன்படுத்துகிறார்கள். முழுச் சமத்துவம் என்றால் 0, எல்லாம் ஒருவர் கையில் என்றால் 1. பயனுள்ள எண்தான். ஆனால் உழைப்பால் 0.4 வந்தாலும் கொள்ளையால் 0.4 வந்தாலும் அந்த எண்ணுக்கு இரண்டும் ஒன்று. பார்ப்பவருக்கு ஒன்றல்ல.

விழுமியமா, சுயநலமா?

"இதெல்லாம் வெறும் பூச்சு, பணம் இருப்பவன் ஒரு மாதிரி பேசுவான், இல்லாதவன் ஒரு மாதிரி பேசுவான்" என்று ஒரு கட்சி உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. பிரிட்டனில் லாட்டரிப் பரிசு விழுந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து நட்டாவுத் பவுத்தவியும் ஆண்ட்ரூ ஆஸ்வால்டும் 2014-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பரிசு விழுந்தபின் அவர்கள் வலதுசாரிப் பக்கம் நகர்ந்தார்கள், சமத்துவத்தில் நாட்டம் குறைந்தது. லாட்டரியைவிடச் சுத்தமான அதிர்ஷ்டம் வேறு உண்டா? அது கைக்கு வந்ததும் மனசு கணக்கை மாற்றி எழுதத் தொடங்கிவிடுகிறது.

ஆனால் பணப்பையை மட்டும் வைத்து எல்லாவற்றையும் விளக்க முடியாது. தங்கள் மீதே வரியைக் கூட்டச் சொல்லும் பணக்காரர்கள் இருக்கிறார்கள், தங்களுக்கு வரும் உதவித்தொகையைக் குறைக்கச் சொல்லும் கட்சிக்கு ஓட்டுப்போடும் ஏழைகளும் இருக்கிறார்கள். வாழ்ந்த காலமும் ஒட்டிக்கொள்கிறது. 18 முதல் 25 வயதுக்குள் பெரும் பொருளாதாரச் சரிவைப் பார்த்தவர்கள், வெற்றிக்கு அதிர்ஷ்டம்தான் முக்கியம் என்று பிற்காலத்திலும் அதிகம் நம்புகிறார்கள் என்று பாவ்லா ஜூலியானோவும் அந்தோனியோ ஸ்பிலிம்பெர்கோவும் காட்டியிருக்கிறார்கள். ஜெர்மனி ஒன்றிணைந்த பிறகும், முன்பு கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த கிழக்குப் பகுதியினர் அரசின் கையை அதிகம் எதிர்பார்த்தார்கள், அந்த வித்தியாசம் கரைய ஒன்றிரண்டு தலைமுறை ஆகும் என்று 2007-இல் வந்த ஆய்வு மதிப்பிட்டது.

இதையெல்லாம் படித்தபின், விரல் கதை வரும் இடங்களில் நான் ஒரு கேள்வி மட்டும் கேட்கிறேன்: "இந்த இடைவெளி எப்படி வந்திருந்தால் உங்களுக்குத் தப்பு என்று படும்?" ஒரு முறை அந்த ஐந்து விரல்காரர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்பன் சொத்தில் உட்கார்ந்து தின்பவனை எனக்கும் பிடிக்காது" என்றார். மடக்கிப் பார்க்கச் சொன்னவர் உடனே உற்சாகமாகி, அப்படியானால் வாரிசுச் சொத்துக்கு வரி போடலாமா என்று கேட்டார்.

"அது எப்படி? என் பிள்ளைகளுக்கு நான் சேர்த்து வைப்பது வேறு" என்றார் இவர்.